சுவரில் அடையாளம் காணப்படவில்லை

எங்கள் பிரதேச சபை ஒரு கல் வெட்டக் கொடுத்திருக்கிறது. வாவிக்கரைக் குடியிருப்பில் புதிதாகக் கட்டிய மதகின் அருகே அதை நடப்போகிறார்களாம். அதில் என் பெயரும், பெயருக்குக் கீழே ‘அன்னாரின் அன்பளிப்பு’ என்பதும் இருக்கும். ‘அன்னார்’ என்ற சொல்லை நான் இதுவரை மரண அறிவித்தல்களில்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே கல்லில் பெயர் ஏறுவது எங்கள் பக்கத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கும் அரசியல்வாதிகளுக்கும் மட்டும் வாய்ப்பது.

நான் ஒரு துண்டுக் காணியைச் சபைக்குக் கொடுத்தது உண்மை. ஏன் கொடுத்தேன் என்பதை எழுதக் கல்லில் இடம் போதாது. அதனால் கடதாசியில் எழுதுகிறேன்.

நான் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். யார் மதில் எழுப்பினாலும், மாடி வைத்தாலும், கடைக்கு முன்னால் தகரம் இறக்கினாலும் என் கையெழுத்துக்காகக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் திட்டமிடல் குழுவில் ‘அனுபவஸ்தர்’ என்று ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். மாதம் ஒரு கூட்டம், ஒரு தேநீர், இரண்டு வாய்ப்பன். என் அறிக்கைகளுக்கு ஒரு பெயர் இருந்தது: அவற்றில் பிழை பிடிக்க முடியாது. வாழ்நாளில் நான் இலஞ்சம் வாங்கியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கேட்கப்போகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள், தேடி வீணாகக் களைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லடிக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. உரிமைக்காரர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து அதை வாங்கிய காணி வியாபாரி ஒருவர், வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். அளவைப் படம் அழகாக இருந்தது. வீதியிலிருந்து வாவிவரைக்கும் இருபது அடிப் பாதை ஒன்று நேராகப் போயிற்று. அதன் இரு பக்கமும் துண்டுகள். அந்தப் பாதைக்காக ஒரு தென்னைகூட வெட்டத் தேவையில்லை என்று குறிப்பு இருந்தது. நில அளவையாளரின் கெட்டித்தனத்தைக் குழு பாராட்டியது.

அந்தக் கீற்றில் மட்டும் ஏன் தென்னை இல்லை என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தை முதலில் வைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். தண்ணீர் ஓடி நிற்கிற இடத்தில் தென்னை வேர் அழுகும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாய்ப்பன் தின்றுகொண்டிருந்தேன்.

ஆட்சேபனை ஒன்றே ஒன்றுதான் வந்தது. தோட்டத்தின் பக்கத்து வளவுக்காரி, கொப்பித் தாளில் எழுதியிருந்தாள். கணவனை இழந்தவள். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கல்லடிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். ஒரே மகள். அந்த மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் பேசி முடித்திருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மகளும் மருமகனும் வீட்டில் இருப்பார்கள், தாய் அதே வளவில் பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வாள். ஆகவே அவள் காக்க நினைத்தது தன் வீட்டை அல்ல, மகளின் வீட்டை.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மாரியில் ரோட்டுப் பக்கத் தண்ணீர் எல்லாம் அந்தத் தோட்டத்துக்குள்ளால்தான் ஆற்றுக்குப் போகிறது. அதை அடைத்தால் என் வளவுக்குள் திரும்பும். முந்திய பெரிய வெள்ளத்தில் வந்த அடையாளம் சுவரில் இருக்கிறது. வந்து பாருங்கள். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம்.

அவளை விசாரணைக்குக் கூப்பிட்டோம். கதிரையின் நுனியில் இருந்தாள்.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சபையின் செயலாளர், இளம் பெண். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணி எதால போறதெண்டு இதில இரிக்கா?”

“படத்தில தண்ணியே இல்ல மெடம்,” என்றார் சுகாதாரப் பரிசோதகர். எங்கள் குழுவின் நகைச்சுவைக்குப் பொறுப்பானவர் அவர். “ஆறு மட்டும் நீலமா இரிக்கு. அதுவும் கரையத் தாண்டாமக் கிடக்கு.”

“தண்ணி வரும் சேர்,” என்றாள் அவள்.

“நீங்க எழுதிட்டீங்க அம்மா. தண்ணியும் வந்து சாட்சி சொல்லணுமே?”

“சாட்சி கார்த்திகையில வரும். அப்ப வாங்க.”

எல்லோரும் சிரித்தோம். செயலாளர் மட்டும் பணிவாகச் சொன்னார்: “விண்ணப்பம் அதுவரைக்கும் பொறுக்க ஏலாது அம்மா. குறிச்ச நாளுக்குள்ள முடிவு குடுக்கணும்.”

“அப்ப சுவரைப் பாருங்க. சுவர் எங்கயும் ஓடாதே.”

நியாயமான பேச்சு. களப் பரிசோதனைக்கு நாள் குறித்தோம். அவளுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘எதிர்வரும் வியாழக்கிழமை முற்பகல் பத்து மணிக்குக் குழுவினர் தங்கள் இல்லத்துக்கு வருகை தருவர்’ என்று எழுதினேன். ‘வந்து சுவரைப் பார்ப்பார்கள்’ என்று எழுதியிருக்கலாம். நல்ல தமிழ் எழுதும் பழக்கம் எனக்கு.

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு காணி வியாபாரி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

“பேத்திக்குக் காணி தேடுறீங்களாமே சேர்?”

“ஓம், தேடுறம்.”

“அப்ப இதில ஒரு துண்டு எடுங்களன். விலையில ஒரு சதமும் குறைக்க மாட்டன். குறைச்சா உங்களுக்குத்தான் கெட்ட பேர்.”

“அப்ப எனக்கென்ன லாபம்?”

“முதல் ஆளா நீங்க பாத்து எடுக்கலாம். வேற ஒண்டுமில்ல.”

அளவைப் படத்தின் பிரதி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். என் மனைவி தேநீர்க் கோப்பையை எடுத்தபடி, “நல்ல மனிசன். ஒளிச்சு மறைச்சு ஒண்டும் கதைக்கல்ல,” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லாம் வெளிச்சமாக இருந்தது. குறைக்காத விலை, கேட்காத உதவி. நாங்கள் இரண்டு பேரும் நேர்மையானவர்கள்.

வியாழன் வந்தது. ஆவணி மாதம், கச்சான் காற்று அடித்துத் தோலைக் காய்ச்சியது. வாவி பின்வாங்கிக் கரைச் சேறு வெடித்துக் கிடந்தது. தோட்டத்தில் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார்கள். நான் அந்தத் தென்னை இல்லாத கீற்றில் வாவிவரைக்கும் நடந்தேன். காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தேன். நத்தை ஓடுகள். வாவிக் கரையில் கிடக்கிற அதே சிறு நத்தைகள், தோட்டத்தின் நடுவில், கோரைப் புல்லின் காய்ந்த வேருக்குள் கிடந்தன. தென்னந்தோட்டம் பார்க்க ஆசைப்பட்டு அவ்வளவு தூரம் வந்து அவை செத்திருக்க முடியாது.

“என்ன சேர், குனிஞ்சு பாக்கிறீங்க?” என்று சுகாதாரப் பரிசோதகர் தூரத்திலிருந்து கேட்டார்.

“ஒண்டுமில்ல. சப்பாத்து லேஸ் அவுண்டு போச்சு.”

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அறிக்கையில் அது இல்லை.

பிறகு அவளுடைய வீட்டுக்குப் போனோம். படலையைத் திறந்ததும் கண் கூசியது. வீடு, மதில், கிணற்றுக் கட்டு எல்லாம் நீலம் கலந்த சுண்ணாம்பில் பளீரென்று நின்றன. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கோயிலில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. மகள் தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதன் காரம் மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

“நூறு வயசுக்கு இருங்க சேர்,” என்றாள் அவள்.

தேநீர் குடித்து முடித்ததும் சுகாதாரப் பரிசோதகர் எழும்பினார். “சரி அம்மா, எங்க அந்தக் கோடு?”

“இந்தா, இவடத்த...” என்று பெருமையோடு முன்சுவருக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது அவள் வாய்க்குப் போயிற்று.

“ஐயோ.”

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“ஐயோ சேர். பெரிய ஆக்கள் வாறீங்க எண்டு கடதாசி வந்திச்சு. வீடு கிடந்த கோலத்தில உங்கள எப்பிடிக் கூப்பிடுற? நானும் மகளும் ரெண்டு நாளா நிண்டு அடிச்சம். கோட்ட விட்டு அடிக்க அயத்துப் போனன், நினைவே வரல்ல.”

“சாட்சியக் குளிப்பாட்டிப் புதுச்சட்டையும் போட்டுட்டீங்க,” என்றார் சுகாதாரப் பரிசோதகர். செயலாளர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குசினிக்குள் ஓடி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். ஈரச் சுண்ணாம்போடு பழைய பூச்சும் சேர்ந்து பொரிந்து விழுந்தது.

“இஞ்ச பாருங்க, ஒள்ளுப்பம் மஞ்சளாத் தெரியிது. மகள், இதில ஒள்ளுப்பம் தண்ணி ஊத்துகா.”

எனக்கு அந்த மஞ்சள் தெரிந்தது. சேற்றுத் தண்ணீர் நாட்கணக்கில் நின்று விட்டுப்போகிற நிறம். எத்தனையோ சுவர்களில் பார்த்திருக்கிறேன்.

“விடுங்க தங்கச்சி,” என்றேன். “கை நோகும்.”

அவள் கரண்டியைக் கீழே போட்டாள். நான் இரக்கப்பட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாகனத்தில் திரும்பும்போது செயலாளர் கேட்டார். “புதுசா வெள்ளை அடிச்சிரிக்கு எண்டும் எழுதுவமா சேர்?”

“சுவர்ட நிறமெல்லாம் அறிக்கையில எழுதுறல்ல மெடம்.”

“சரி, நீங்க அனுபவஸ்தர்.”

அன்று பின்னேரம் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, வியாபாரி தந்த படத்தை மேசையில் விரித்து, மெல்லிய பென்சிலால் தண்ணீர் போகும் வழியைக் கீறினேன். நத்தை கிடந்த இடம், கோரை கிடந்த இடம், தென்னை இல்லாத இடம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கோடு வாவிக்குப் போயிற்று. இருபது அடிப் பாதைமேல் அது அச்சொட்டாகப் படிந்தது. அந்தக் கோட்டுக்கு மிகத் தூரத்தில் இருந்த எட்டாம் துண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். முன்பு கொப்பறாக் கொட்டில் இருந்த மேடு அது. கொப்பறாவை யாரும் பள்ளத்தில் காய வைப்பதில்லை. பழக்கத் தோஷத்தால் படத்தின் மூலையில் அன்றைய திகதியையும் போட்டேன்.

இரண்டாவது, அறிக்கை எழுதினேன். ‘ஆட்சேபனையாளரின் வீட்டுச் சுவரில் வெள்ள நீர் தேங்கியதற்கான அடையாளம் காணப்படவில்லை. பரிசோதனை நாளில் காணியில் நீர் எதுவும் இருக்கவில்லை.’ இதில் எந்தச் சொல் பொய்? இன்றைக்கும் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. எட்டாம் துண்டை முழு விலைக்கு வாங்கினோம். ஐப்பசிக்குள் வியாபாரி பாதைக்குக் கிறவல் கொட்டி, இரண்டடி உயர்த்தி, உருளை ஓட்டி இறுக்கிவிட்டார். மிக நல்ல வேலை.

கார்த்திகையில் சாட்சி வந்தது.

அந்தக் கிழமை எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு முகத்துவாரத்தைப் பற்றித்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டை வெட்டிவிடு என்று மேற்கே படுவான்கரையின் வயல்காரர்கள் நின்றார்கள், வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விடும் என்று மீன்காரர்கள் நின்றார்கள். நான் என் துண்டைப் பார்க்கக் குடையோடு போனேன். எட்டாம் துண்டில் மழை விழுந்து மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டைகூட இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் இங்கே எழுத வேண்டும். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“சேர்! சேர்! இஞ்சால வாங்க! கோடு வந்திட்டு!”

பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். கிறவல் பாதை ஒரு அணைபோல நின்றது. வீதிப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் தன் பழைய வழியில் ஏற முடியாமல் பக்கவாட்டில் திரும்பி, அவளுடைய வளவை நிறைத்திருந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு. மகளின் கலியாணத்துக்கு வாங்கிய அலுமாரியைக் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். இடியப்பத் தட்டுகள் கட்டிலின்மேல் அடுக்கியிருந்தன.

“இந்தா பாருங்க. அண்டைக்குத் தேடினீங்களே,” என்று முன்சுவரைக் காட்டினாள். விடியற்காலை தண்ணீர் இன்னும் உயரத்தில் நின்று சற்று இறங்கியிருந்தது. நீலம் கலந்த வெள்ளையில் மஞ்சள் கோடு நூல் பிடித்ததுபோல ஓடியது. “பெரிய வெள்ளத்துக்கு வந்ததைவிட ஒரு சாண் கூட.”

அவள் குரலில் குத்தல் இல்லை. தொலைந்த பொருள் ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவளின் குரல் அது. குத்தியிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன்.

“முகத்துவாரம் வெட்டினா வடிஞ்சிடும்,” என்றேன்.

“ஆறு வடியும் சேர். இது வடியாது. இது ஆத்துக்கே போகல்லயே.” மிதந்து வந்த சிரட்டை ஒன்றைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “மாப்பிள்ளட தாய் நேத்து வந்து பாத்திட்டுப் போறா. தண்ணிக்குள்ள என்ட மகன் எப்பிடிக் குடும்பம் நடத்துற எண்டு கேக்கிறா. வேற வீடு தரட்டாம். நான் இடியப்பத்தில எத்தின வீடு அவிக்கிற?”

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எட்டாம் துண்டு உங்கடயாமே சேர்.”

“ஓம். பேத்திக்கு.”

“நல்ல துண்டு. இந்தத் தோட்டத்தில தண்ணி ஏறாத இடம் அது ஒண்டுதான். மாரிக்கு நாங்க ஆடு கட்டுற அதிலதான்.” தட்டு ஒன்றைத் துடைத்துக் கட்டிலில் வைத்தாள். “உங்களுக்கு எப்பிடிச் சேர் தெரிஞ்சது? நீங்க வெயிலுக்குத்தானே வந்தீங்க?”

“படத்தில பாத்தன்,” என்றேன். அதுவும் பொய் இல்லை.

அடுத்த நாள் அந்தப் பென்சில் படத்தை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். தண்ணீர் போகும் வழி இது, பாதைக்குக் கீழே மதகு போட வேண்டும் என்று சொன்னேன். அவர் கோட்டைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

“சேர், இது களப் பரிசோதனை அண்டு கீறினதா?”

“ஓம்.”

“இந்த வட்டம் போட்ட துண்டு?”

“என்ட.”

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வயதில் என் மகளைவிடச் சிறியவர். “அந்த மனிசிக்கு மதகு வேணும். அதை நான் எடுத்துத் தாறன். ஆனா இந்தத் திகதியோட இதை விண்ணப்பக் கோவையில போட்டா நீங்க மட்டும் இல்ல சேர், கையெழுத்து வச்ச நாங்க எல்லாரும் பதில் சொல்லணும். திகதிய அழிச்சுத் தாங்க. வெள்ளத்துக்குப் பிறகு நீங்களாப் போய்ப் பாத்துக் கீறினதா இரிக்கட்டும்.”

அழிறப்பர் அவருடைய மேசையிலேயே இருந்தது. நான் அழித்தேன். திகதியையும், வட்டத்தையும். பென்சிலால் எழுதியதால் சுத்தமாகப் போயிற்று. ஓய்வு பெற்ற வயதிலும் மழைக்குள் இறங்கி ஆராய்ந்த அனுபவஸ்தர் என்று அடுத்த கூட்டத்தில் எனக்கு நன்றி சொன்னார்கள். கூட்டறிக்கையில் இருக்கிறது.

தண்ணீர் வடிந்து, தையில் கலியாண நாள் வந்தது. எனக்கும் சொல்லியிருந்தாள். படலையைத் திறந்ததும் மறுபடி கண் கூசியது. வீடு முழுக்கப் புது வெள்ளை. முன்சுவரில் மட்டும், குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு, சேற்றுக் கோட்டை அப்படியே விட்டு மேலும் கீழும் அடித்திருந்தாள். படமெடுக்க வந்தவர் அதற்குமேல் ஒரு சேலையைத் தொங்கவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்ன கா இது, கலியாண வீட்டில அரைகுறையா?” என்று யாரோ ஒரு மாமி கேட்டாள்.

“அது சபை ஆக்களுக்கு,” என்றாள் அவள். “மறுகாக் கோட்டக் காணல்ல எண்டு எழுதிப் போட்டாங்க எண்டா?”

சபை ஆளான நான் அந்தச் சுவருக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில்தான் இருந்தேன். மாப்பிள்ளையின் தாய் என்னிடம் வந்தார். “நீங்கதானாம் இதுக்குப் பெரியாள். சபை மதகு போடும் எண்டு இவ சொன்னதை நம்பித்தான் நாங்க சம்மதிச்ச. அடுத்த மாரிக்குத் தண்ணி வருமா, வராதா?”

“வராது,” என்றேன்.

எழுத்தில் இல்லாமல் என் வாழ்நாளில் நான் கொடுத்த ஒரே உறுதி அது. கொடுத்த பிறகுதான் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தேன்.

மாசியில் குழு மீண்டும் வந்தது. சுவரின் கோட்டை நான் நாடா பிடித்து அளந்தேன், சுகாதாரப் பரிசோதகர் பகிடி விடாமல் எழுதினார். மதகுக்கு எல்லோரும் சம்மதம். மதகு போட்டால் தண்ணீர் பாதையின் மற்றப் பக்கம் போகும், அங்கே அது வாவிக்கு இறங்க ஒரு வாய்க்கால் வேண்டும். அதற்கு ஒத்த ஒரே பள்ளம் பதினான்காம் துண்டு. அதைக் கடன்பட்டு வாங்கியிருந்தார்கள் ஒரு ஆசிரியத் தம்பதி. தாங்கள் வாங்கியது பள்ளம் என்றே அவர்களுக்குத் தெரியாது, நாங்கள் அனுமதித்த படத்தில் அது சமதரையாக இருந்தது. வியாபாரி, விற்ற காணிக்குத் தான் பொறுப்பில்லை என்று மரியாதையாகச் சொன்னார். சபை, காணி வாங்கத் தன்னிடம் வழியில்லை என்றது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தால் கார்த்திகை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் பல வருடம் அப்படித்தான் இருந்தவன் நான்.

எட்டாம் துண்டை ஆசிரியர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பதினான்கை நான் வாங்கிச் சபைக்கு எழுதிக் கொடுத்தேன். துண்டுக்குத் துண்டு. வீட்டில் சொன்னபோது மனைவி காரணம் கேட்டாள், சொன்னேன். அடுத்த நாள், “அண்டைக்கு அந்த மனிசன நல்லவன் எண்டு சொன்னதும் நான்தானே,” என்று மட்டும் சொன்னாள். என் மகளிடம் நான் காரணத்தைச் சொல்லவில்லை. தன் பிள்ளையின் காணியைத் தகப்பன் ஊருக்குத் தானம் பண்ணிவிட்டார் என்று அவள் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. ஊரோ என்னைத் தர்மவான் என்கிறது. ஆசிரியர் இருவரும் என்னைக் காணும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிறார்கள். அவர்கள் இறங்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்கிறேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு பெயர்.

கல் வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். “வெட்டக் குடுத்தாச்சு சேர். இனி நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பாங்க,” என்றார். கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பிரதி அவருக்கும், ஒன்று என் மகளுக்கும் போகும். திகதி போட்டிருக்கிறேன், பேனாவால்.

நேற்று இந்த மாரியின் முதல் பெரிய மழை. நான் போனேன். மதகின் வாயில் தண்ணீர் சுழித்து உள்ளே போய், மற்றப் பக்கம் செம்மண் நிறத்தில் வெளியே வந்து, பதினான்காம் துண்டின் வாய்க்காலால் வாவிக்கு இறங்கியது. அவளுடைய முற்றத்தில் மழை குத்திய குழிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மகள் உள்ளே வீட்டில் இருந்தாள், வாயும் வயிறுமாக. தாய் பின்கொட்டிலில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

“வாங்க சேர். ஒரு சொட்டும் வரல்ல.”

“தங்கச்சி, உங்களிட்ட ஒண்டு சொல்லணும்,” என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். நத்தை ஓடு, பென்சில் கோடு, வட்டம், திகதி. “அண்டைக்கு உங்கட சுவரில சுண்ணாம்பு காயல்ல, அதுக்குக் கீழ கோடு கிடக்கு எண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதின நான்.”

அவள் உரலைத் திருப்பி அடுத்த தட்டுக்குப் பிழிந்தாள்.

“தெரியும் சேர். ஈரச் சுண்ணாம்புக்கு நீங்க மூண்டு தரம் தும்மினீங்க.”

அவள் தட்டுகளை அடுக்கி மூடியைப் போட்டாள். ஆவி எழுந்தது.

“அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே, தும்மின ஆளிட்டக் கேளுங்க எண்டு,” என்றேன்.

“தும்மினவரைத்தானே வாழ்த்தினன். வாழ்த்தின வாயால எப்பிடிச் சொல்லுற?”

முன்சுவரின் கோட்டுக்கு இனி வெள்ளை அடிக்கப்போகிறாளா என்று கேட்டேன். மருமகன் அடிக்கச் சொல்லுகிறானாம், தான் விடவில்லையாம். “உங்கட கல்லு நட்டா அதில மதகைப் பத்தி இரிக்கும். தண்ணியப் பத்தி ஒண்டும் இராது. இது இரிக்கட்டும்.”

ஆறு இடியப்பத்தை இலையில் சுற்றித் தந்தாள். திரும்பி வரும்போது மதகின் ஓரத்தில், கல் நடுவதற்கு வெட்டி வைத்த குழி மழைத் தண்ணீரால் நிறைந்திருந்தது.